காக்கா இரவல் வாங்கிய பீங்கான்

எல்லாப் புகழும் இறைவனுக்கே. என் அண்ணன், எங்கள் காக்கா, மௌத்தாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். பிறர் எழுதிக் கொடுப்பதைச் சந்தேகிப்பதற்காகவே அரசாங்கம் கணக்காய்வாளனான எனக்குச் சம்பளம் தந்தது. ஓய்வூதியமும் அதற்காகத்தான் தருகிறது. ஆகவே நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

காக்கா கல்முனைக்குடியில் பிறந்தார். எங்களைப் பெற்ற வாப்பா கரைவலை இழுக்கும் மீனவர். வாப்பா மௌத்தான பிறகு காக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பசாரில் ஒரு பாத்திரக் கடையில் சேர்ந்தார். பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி வரும் பீங்கான் தட்டுகளை உடையாமல் எடுத்து அடுக்குவது வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். பிற்காலத்தில் சொந்தமாகக் கடை வைத்தார். மலைநாட்டுப் பழைய பங்களாக்களில் சாமான் ஏலம் என்று கேள்விப்பட்டால் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார். அரண்மனை, துறைமுகம், முடிசூட்டு விழா என்று படம் பதித்த நினைவுப் பீங்கான்களோடு திரும்பி வருவார்.

அந்தப் படங்களை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. "முன்பக்கம் வித்த ஊரச் சொல்லும். சுட்ட ஊரப் பின்பக்கத்திலதான் பாக்கணும்" என்பார். லண்டன் பாலம் போட்ட பீங்கானைக் கவிழ்த்து, அது ஜப்பானில் சுட்டது என்று காட்டும்போது கள்ளனைப் பிடித்த பொலிஸ்காரரின் முகம் அவருக்கு. மகளுக்கு மாப்பிள்ளை பேசப் போன வீட்டிலும் தொதல் இனிப்பு வைத்த தட்டைக் காலியாக்கிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் உம்மா, "என்ன காக்கா, விலை ஒட்டிரிக்கா எண்டு பாக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கலியாணம் நடந்தது காக்காவின் சாமர்த்தியத்தால் அல்ல.

நோயில் அதிக நாள் கிடக்கவில்லை. அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகைக்கு முன் நான் எழுந்து, "காக்காட்ட ஆருக்கும் குடுக்கல் வாங்கல், நம்பிக் குடுத்து வெச்ச அமானிதம் ஏதும் இருந்தா என்னட்ட வாங்க. நான் பொறுப்பு" என்று சபையில் சொன்னேன்.

வருவார்கள் என்று தெரியும். பீங்கான்களின் பெறுமதி பற்றி ஊரில் பெரிய கதை இருந்தது. ஆகவே ஒரு நடைமுறை வகுத்தேன். உரிமை கோருபவர் பீங்கானைப் பார்க்காமலே அதன் பின்பக்க முத்திரையைச் சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு சாட்சிகள், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். பலர் வாசலோடு திரும்பினார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஒருவர் மட்டும் தேறினார். ஒலுவில் பக்கத்துப் பழம்பொருள் யாவாரி. "கப்பல் படம் போட்ட பீங்கான் சேர். பின்னால நீல நங்கூரம், கீழ ரெண்டு இங்கிலீசு எழுத்து." கவிழ்த்துப் பார்த்தேன். நங்கூரமும் இருந்தது, எழுத்தும் இருந்தது. கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

இரண்டாம் மாதம் பாண்டிருப்பிலிருந்து மீன் விற்கும் பெண் ஒருவர் வந்தார்.

"எங்கட கப்பல் பீங்கானைக் காக்கா இரவல் கேட்டு வாங்கின சேர். எங்க சுட்டதெண்டு பாத்துட்டு ஒரு மாசத்தில தாறன் எண்டவர். அது எங்கட அப்பா கப்பல்ல வேலை செய்யக்குள்ள கொண்டு வந்த."

"பின்னால என்ன முத்திரை?"

"சுவர்ல தொங்கின சாமான் சேர். பின்பக்கம் சுவருக்குத்தான் தெரியும்."

நடைமுறையை விளக்கினேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டார். "காக்கா ஏமாத்திட்டார் எண்டு சந்தையில சொல்றாங்க. நான் நம்பயில்ல. இப்ப நம்பத்தான் வேணும் போல" என்றார்.

அப்போது, கணவர் மௌத்தானபின் அந்நிய ஆண்கள் முன் வராமல் இத்தா இருந்த மதினியின், காக்காவின் மனைவியின், குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. "தம்பி, அது அந்தப் புள்ளைட பீங்கான்தான். நான்தான் கையால வாங்கி வெச்ச. கப்பலுக்குக் கீழ விளிம்பு உடைஞ்சிரிக்கும்."

"அப்ப யாவாரிக்கு முத்திரை எப்பிடித் தெரியும் மதினி?"

"காக்காதானே கவுத்துக் காட்டி அவனுக்கிட்ட விசாரிச்ச."

"இத ஏன் முந்தியே சொல்லல்ல?"

"ஊரில உள்ள ஆம்புளையள்ட்ட எல்லாம் கேட்டீங்க. இத்தா எண்டா வாயும் இல்ல எண்டு நினைச்சீங்களாக்கும்."

மறுநாள் ஒலுவிலுக்குப் போனேன். யாவாரி நான் கொடுத்த பத்திரத்தையே என் முன்னால் விரித்தார். "'உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.' நீங்க எழுதினதுதானே சேர்?" ஓட்டை தேடி வாசித்தேன். கிடைக்கவில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

மாற்றாக வேறு பீங்கான் கேட்டார். காக்காவின் சேகரிப்பு வாரிசுகளுக்குரியது. அதில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. என் வீட்டுச் சுவரில் ஒன்று இருந்தது. நான் ஓய்வுபெற்ற அன்று காக்கா தந்தது, மணிக்கூட்டுக் கோபுரப் படம் போட்டது. அவர் யாருக்கும் பீங்கான் கொடுத்தவரல்லர். எனக்குக் கொடுத்ததும் அது ஒன்றுதான். கழற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். யாவாரி கவிழ்த்தார், சிரித்தார், உடனே சம்மதித்தார். அதன் பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நானும் ஒருநாளும் பார்த்ததில்லை.

பாண்டிருப்பில் அந்தப் பெண் பீங்கானைச் சேலைத் தலைப்பால் துடைத்து ஆணியில் மாட்டினார். நான் பத்திரத்தையும் பேனாவையும் எடுத்தேன்.

"காக்காட்ட குடுக்கக்குள்ள நான் கையெழுத்து ஒண்டும் வாங்கயில்லையே சேர்" என்றார்.

பேனாவை மூடினேன்.

கபுறுக் குழி வெட்டியவர்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு அனுப்பிய அயல் வீடுகளுக்கும், திரைக்குள் இருந்தபடியே உண்மையைச் சொன்ன மதினிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காக்கா அமானிதத்தில் மோசம் செய்தார் என்று பசாரில் கதைத்தவர்களுக்கும் இம்மலர் ஒவ்வொன்று அனுப்பப்படும். இரவல் வாங்கியது காக்கா. தவறான கையில் ஒப்படைத்தது நான். அவருக்காக துஆச் செய்யுங்கள். சந்தேகத்தை என் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.