ஏரிப் பேச்சு

தங்கையைப் பெண் பார்க்கக் காவேரிப்பாக்கத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், என் வாயிலிருந்து தோல் என்ற சொல்லே வரக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். ஆம்பூரில் தோல் பதனிடும் கொட்டகையில் எனக்கு வேலை. எப்படித் தேய்த்துக் குளித்தாலும் சுண்ணாம்புக் குழியின் வாடை உடம்பை விட்டுப் போகாது. முன்பு வந்த ஒரு குடும்பம் என் வேலையைக் கேட்டதும் காபியைத் தொடாமலே எழுந்து போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்று தங்கை சாப்பிடாமல் படுத்தது நினைவிருந்ததால் சரி என்றேன்.

"அவங்க ஊர்ல பெரிய ஏரி இருக்குது இல்ல, அதப் பத்தியே பேசு," என்றாள் அம்மா.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்கார்ந்ததும், "தம்பிக்கு இன்னா வேலை?" என்று கேட்டாள்.

"இங்கதான், ஒரு கொட்டாயில," என்று முணுமுணுத்துவிட்டு, "உங்க ஏரி இந்த வருசம் ரொம்பிச்சா?" என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று. உடனே அவளுடைய கணவர், "தோல் கொட்டாயா? வேலை ஜாஸ்தியோ?" என்றார். நான் விடுவேனா? ஏரி மீனுக்குப் போனேன். அவர் தோல் பதனிட ஆவாரம்பட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். நான் மதகுக்குப் போனேன். மனுஷன் வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏரிப் பேச்சு வேணாம்பா," என்றாள் அந்த அம்மாள். "எங்க பெரிய பையன் அதுலதான் போய்ட்டான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் தோலையே பிடித்துக்கொண்டிருந்தது மனைவி காதில் ஏரிப் பேச்சு விழாமல் இருக்கத்தான். அம்மா பதறிப்போய் வெயிலைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள்.

பார்க்க வந்தவர்கள் கேட்டாலொழியப் பெண் வாய் திறப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. தங்கை காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவரு எப்படி இருப்பாரு, அத்தை?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். இந்த இடமும் போச்சு என்றே நானும் நினைத்தேன். அந்த அம்மாள் தங்கையின் பக்கம் திரும்பினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அவன் குள்ளமாம். கொல்லையில் நிற்கும் எருமைக்குக்கூடப் பட்டப்பெயர் வைப்பானாம். சொல்லும்போதே சிரித்தாள், அழுதாள். கணவர் ஏதோ சொல்லி அவளைத் தடுக்கப் பார்த்தார்.

"சும்மா இருய்யா," என்றாள். "அவன் போனதுக்கப்புறம் அவனப் பத்திக் கேட்ட மொத ஆளு இவதான். இவ நம்ம வீட்டுக்குத்தான் வரணும்."