சோறு வராத அழைப்பு

துமினாவின் பேரை வர்சினி முதன்முதலில் கேட்டது தன் கல்யாணத்தன்றுதான். மணமேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள் காதில், கொல்லையில் சமைக்கிற பெண்கள் அந்தப் பேரை ஓயாமல் கூப்பிட்டது விழுந்தது. தேங்காய்ப்பால் திரிந்தாலும் துமினா, அரிசி வேகாவிட்டாலும் துமினா. மாப்பிள்ளை சுகெங்கின் அக்கா அவள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜாவாத் தீவில், கிளாத்தென் பக்கத்து அந்தக் கிராமத்தில் நாற்பது வருஷமாகத் துமினா கை படாத கல்யாண அடுப்பு கிடையாது. விடிந்தால் சந்தையில் தெம்பே விற்பாள். சோயாவைப் புளிக்க வைத்து, வாழையிலையில் கட்டி விற்ற அந்தக் காசில்தான் ஹஜ்ஜுக்குப் பேர் கொடுத்து, பதினெட்டு வருஷம் காத்திருந்தாள். இந்த வருஷம் முறை வந்துவிட்டது. கட்டவேண்டிய மிச்சப் பணம் வங்கியில் இருந்தது. வங்கி அவள் கைபேசியில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதில் ஒரு கல்யாண அழைப்பு வந்தது. நாளைக்குக் கல்யாணம், அவசியம் வரவும், இதைத் திறந்து பார்க்கவும் என்றிருந்தது. யார் வீடு என்று இல்லை. துமினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கக்கூடத் தன்னைக் கூப்பிடாதது யார் என்று கேட்டுக்கொண்டே தம்பி வீட்டுக்கு வந்தாள். அவனுக்கும் அதே அழைப்பு வந்திருந்தது.

"அமுக்கிப் பாருக்கா, உள்ள பேரு இருக்கும்" என்றான் சுகெங்.

துமினாவின் கட்டைவிரல் கிட்டப் போய் நின்றது. "சோறு வரலையேடா."

அந்த ஊரில் கல்யாண வீட்டார் முதலில் கூடையில் சோறும் கோழித்துண்டும் வைத்து அனுப்புவார்கள். அதுதான் அழைப்பு.

"காலம் எங்கயோ போயிடுச்சு. நீ கூடையைப் பாத்துக்கிட்டே உக்காந்திரு" என்று சுகெங் தன் கைபேசியில் அமுக்கிக் காட்டினான். அது ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டினான். ஒன்றும் திறக்கவில்லை. துமினா உதட்டைப் பிதுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் வர்சினி மிளகாய் வாங்கக் கடைக்குப் போனால், அங்கிருந்த பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"ஏண்டி, உம் புருஷன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கானே, பொண்ணு எந்த ஊரு?"

"எனக்கே சொல்லலைக்கா. தெரிஞ்சா புதுத்துணி எடுத்திருப்பேன்ல" என்று வர்சினியும் சிரித்தாள். அவர்கள் கைபேசியைக் காட்டியபிறகுதான் சிரிப்பு நின்றது. அதே அழைப்பு, சுகெங்கின் எண்ணிலிருந்து ஊர் முழுக்கப் போயிருந்தது. கடைக்காரம்மாவின் மகள் வங்கியில் வேலை பார்க்கிறவள். திறந்தால் திருடன் கைபேசிக்குள்ளேயே குடியேறி, வங்கி அனுப்புகிற ரகசிய எண்ணையெல்லாம் எடுத்துக்கொள்வான் என்று அவள் சொன்னதாகக் கடைக்காரம்மா சொன்னாள்.

யாரோ அனுப்பியதை நாத்தனார் திறக்கவில்லை, சரி. கூடப்பிறந்த தம்பி பேரில் வந்தால்? வர்சினி மிளகாயைப் போட்டுவிட்டு ஓடினாள்.

துமினா இலையில் தெம்பே கட்டிக்கொண்டிருந்தாள். கைபேசி பக்கத்தில் கிடந்தது.

"அண்ணி, எங்க வீட்டுக்காரர் அனுப்பினதைத் திறந்துட்டீங்களா?"

"தம்பியா இருந்தா என்ன, தனிச் சட்டமா? அவன் கல்யாணத்துக்கும் சோறு வரட்டும், பாக்கலாம்."

வர்சினி அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கடைக்காரம்மாவின் மகளைப் பிடித்து சுகெங்கின் கணக்கை அன்றைக்கே முடக்கினார்கள். அவனுடைய அந்த மாச ஓய்வூதியம் இன்னும் வந்து சேராததால் திருடனுக்குக் கிடைத்தது டீக்காசுதான். சுகெங்குக்குத்தான் ஊரில் 'புது மாப்பிள்ளை' என்று பேராகிப்போனது. துமினா திங்கட்கிழமை காலையிலேயே வங்கிக்கு நடந்துபோய், மிச்சப் பணத்தைத் தன் கையாலேயே கட்டிவிட்டு வந்தாள்.

துமினா இப்போது மெக்காவில் இருக்கிறாள்.