உண்ணாவிரதப் பந்தலில் குரக்கன் பிட்டு

எங்கள் பக்கத்து வீட்டு மக்டலீன் அக்காவுக்குச் சீனி வருத்தம் என்பது குருநகரில் எல்லாருக்கும் தெரியும். இன்சுலின் ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவரை உண்ணாவிரதப் பந்தலில் முன்கதிரையில் இருத்தினார்கள்.

இழுவைப் படகுகள் வந்து வலைகளை அறுத்துப் போவதற்கு எதிரான போராட்டம். அக்காவின் புருசன் லியோனின் நண்டு வலையும் போய்விட்டது. அதிகாரிகளிடம் நிதானமாகக் கதைக்க எங்களில் அக்கா ஒருவர்தான். ஆண்கள் இரண்டாவது வசனத்திலேயே கத்தத் தொடங்குவார்கள்; அதையே சாட்டாக வைத்து அதிகாரி எழும்பிவிடுவார். ஆகவே எல்லாவற்றுக்கும் மக்டலீன்.

போன போராட்டத்தில் ஊரோடு சேர்ந்து அவரும் பட்டினி கிடந்தார். மத்தியானம் தாண்ட, வேர்த்து, கதிரையோடு சரிந்தார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஓட்டோ பிடித்து அவருக்குப் பின்னால் ஆசுபத்திரிக்கு ஓடினோம். அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்தார். வெறும் கதிரைகளைப் பார்த்தார். போய்விட்டார்.

"ஒருத்தனாவது பந்தலிலை நிண்டிருக்கக் கூடாதோ, விசரங்களே!" என்று கட்டிலில் கிடந்தபடியே அக்கா ஏசினார்.

இம்முறை மத்தியானம் ஊசியைப் போட்டுவிட்டு, மடியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். குரக்கன் பிட்டும் பாரை மீன் குழம்பும். பட்டினி கிடந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

சங்கத் தலைவர் செபநாயகம் பாய்ந்து வந்தார்.

"பிள்ளை, என்ன செய்யிறாய்? பேப்பர்காரர் நிக்கினம்!"

"சாப்பிடுறன் அண்ணை."

"உண்ணாவிரதத்திலையோ? சனம் சிரிக்கும்."

"போனமுறை விழுந்தன். அப்ப ஆர் சிரிச்சது? அந்த அதிகாரிதான்."

"வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டு வாவன்."

"அந்த நேரம் அவர் வந்தால்? நீங்கள் கதைப்பியளோ, கத்துவியளோ?"

"ஒரு சீலையைக் கட்டியாவது மறைப்பமே?"

"ஏன், பிள்ளைக்குப் பால் குடுக்கிறனோ?"

"தலைவர், மறைக்கிறதெண்டால் அந்தக் குழம்பு மணத்தை மறையுங்கோ. என்னாலை ஏலாது," என்றான், காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்திருந்த ஜெரிசன்.

அக்கா பொறுமையிழந்து, கதிரையைப் பந்தலுக்கு வெளியே ஒரு முழம் இழுத்துப் போட்டார்.

"இந்தா, உண்ணாவிரதத்திலை நான் இல்லை. போராட்டத்திலை நிக்கிறன். போதுமோ? இனி என்னைத் தின்ன விடுங்கோ."

பாதிப் பிட்டு முடிவதற்குள் அதிகாரியின் வாகனம் வந்து நின்றது. எல்லாரும் எழும்பினோம்.

"மூடு பெட்டியை, மூடு!" செபநாயகம் பல்லைக் கடித்தார்.

"ஊசி போட்டிட்டன். பாதியிலை விடேலாது," என்றார் அக்கா. பிறகு அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, உதிலை இருங்கோ. சாப்பிட்டிட்டுக் கதைக்கிறன்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு வேறை வேலை இருக்கம்மா."

"எங்கடை வேலை கடலிலை. வலை இல்லாததாலை ரோட்டிலை இருக்கிறம். கொஞ்சம் பொறுங்கோ."

பத்திரிகைக்காரர் கமராவைத் தூக்கினார். அதைக் கண்டோ என்னவோ, அதிகாரி ஒரு கதிரையில் இருந்தார்.

அக்கா அவசரப்படவில்லை. மீனில் முள் பார்த்து எடுத்தார். கடைசிப் பிடியையும் மென்று, கை கழுவி, தண்ணீர் குடித்தார்.

"இனிச் சொல்லுறன் ஐயா. எழுதுங்கோ."