எந்தத் துளையில் செருகினீர்கள்?

நான் இப்போது குடியிருக்கும் மாணவர் விடுதியில் இன்டர்நெட் வேண்டுமென்றால் துணி துவைக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். நிலவறையில் வரிசையாக வாஷிங் மெஷின்கள் உருண்டுகொண்டிருக்கும். அவற்றைத் தாண்டினால் ஒரு சின்னக் கதவு. செவ்வாய்க்கிழமை மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் திறந்திருக்கும். உள்ளே இருப்பவர்கள் கம்பெனி ஆட்கள் என்று நினைத்துத்தான் முதல் முறை கையில் பாஸ்போர்ட்டும் நான்கு போட்டோவுமாகப் போய் நின்றேன். அவர்கள் இதே வோன்ஹைமில், அதாவது இந்த விடுதியில், குடியிருந்து படிக்கிற பிள்ளைகள். அத்தனை அறைகளுக்கும் போகிற வலையை அவர்களேதான் அமைத்து, அவர்களேதான் பழுது பார்க்கிறார்கள். சம்பளம் கிடையாது. போட்டோவைப் பார்த்து யோனாஸ் என்கிற இருபத்திரண்டு வயதுப் பையன், "உங்கள் முகம் வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டரின் எண் போதும்" என்றான்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. விருத்தாசலம் சொந்த ஊர். நல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிப்பவள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்கு முனைவர் பட்டத்துக்கு வந்திருக்கிறேன். என் கணவர் சேகர் ஊரிலேயே ஒரு இன்சுலேட்டர் கம்பெனியில் சூளை சூப்பர்வைசர். மகள் யாழினி பிளஸ் டூ. பிளஸ் டூ படிக்கிற பெண்ணை விட்டுவிட்டு எந்தத் தாயாவது படிக்கப் போவாளா என்று சொந்தக்காரர்கள் கேட்டதை இங்கே எழுதவில்லை. நீங்களே கேட்டிருப்பீர்கள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதில் இன்டர்நெட். தினமும் இங்கே மதியம் இரண்டு மணிக்கு, அதாவது ஊரில் மாலை ஆறரைக்கு, வீடியோவில் உட்கார்ந்து யாழினிக்குக் கணக்குச் சொல்லித் தருவேன். லேப்டாப்பை அவளுக்கே விட்டுவிட்டு வந்தேன். முதல் ஐந்தரை மாதம் பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில் வைஃபை இருந்தது, போனிலேயே ஓட்டினேன். பிப்ரவரிக் கடைசியில் காத்திருப்போர் பட்டியலில் என் முறை வந்து இந்த அறை கிடைத்தது. இங்கே வைஃபை இல்லை, சுவரில் ஒரு துளைதான். படிப்பை முடித்துக் கிளம்பிய ஒருவரிடம் பழைய மேசைக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, யோனாஸிடம் எண்ணைப் பதிந்து, கேபிளைச் செருகினேன். மறு நிமிடம் விருத்தாசலம் என் மேசைக்கு வந்துவிட்டது. அவளுடைய கணக்குப் பரீட்சைக்கு அப்போது மூன்று வாரம்கூட இல்லை.

ஊரில் இந்த வேலையெல்லாம் நமக்குக் கிடையாது. கேபிள்காரர் கம்பத்தில் ஏறுவார், இறங்குவார், டிவிக்குப் பின்னால் ஏதோ செய்வார், டீ குடிப்பார், போவார். நம் வேலை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது. அதையும் நாம் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டோம். எங்கள் தெருவில் ஒரு கனெக்‌ஷன், மூன்று வீடு. எதிர் வீட்டில் கல்லூரி சேர்க்கைக்கு விண்ணப்பம் போட்டதும் எங்கள் நெட்டில்தான். மங்கலம்பேட்டையிலிருந்து வந்து குடியிருக்கிற பின் வீட்டம்மா குவைத்திலிருக்கும் தன் கணவரோடு பேசுவதும் எங்கள் நெட்டில்தான். "சொவுத்துக்கு அந்தாண்ட போறத நாம எதுக்குப் புடிச்சு வெக்கணும்?" என்பார் சேகர்.

அப்படி வளர்ந்த கை சும்மா இருக்குமா? பக்கத்து அறைக்கு சிலி நாட்டிலிருந்து கமீலா என்ற பெண் குடிவந்தாள். திங்கள்கிழமை பதினோரு மணிக்கு அவளுக்கு வீடியோவில் வேலைக்கான நேர்காணல். அவளுடைய பதிவோ செவ்வாய்க்கிழமைதான். சமையலறையில் அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும், "எங்கள் நெட் இருக்கும்போது உனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டேன். பொடிப் பொட்டலங்களோடு சேகர் கட்டிக்கொடுத்த வீட்டுப் பழைய ரவுட்டர் பெட்டியின் அடியில் கிடந்தது. அதில் மஞ்சளாக நான்கு துளை, தள்ளி நீலமாக ஒன்று. நாலு மஞ்சள் இருக்கும்போது தனியாக இருக்கிற நீலத்தை எதற்குத் தொந்தரவு செய்வது? சுவரிலிருந்து வந்த கேபிளை ஒரு மஞ்சளில் செருகினேன், கம்ப்யூட்டரை இன்னொரு மஞ்சளில். செருகிய இடத்திலெல்லாம் விளக்கு எரிந்தது, கமீலாவின் லேப்டாப்பும் ரவுட்டரின் வைஃபையைப் பிடித்துக்கொண்டது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு கமீலாவின் திரை உறைந்தது. என் கம்ப்யூட்டரிலும் ஒன்றுமில்லை. நம் ஊரில் கரண்ட் போனால் முதலில் என்ன செய்வோம்? வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். நானும் நடைக்கு வந்து எட்டிப் பார்த்தேன். எல்லாக் கதவும் திறந்திருந்தன, எல்லாரும் வெளியே நின்றிருந்தார்கள். அப்பாடா, எல்லாருக்கும் போயிருக்கிறது, நம் தப்பில்லை என்று மனசு குளிர்ந்தது. "இந்த நாட்டிலுமா இப்படி?" என்று அந்தக் கூட்டத்தில் சத்தமாகக் குறை சொன்னவளும் நான்தான்.

இருபது நிமிடத்தில் யோனாஸும் லேனா என்ற பெண்ணும் படியேறி வந்தார்கள். கையில் லேப்டாப், காலில் வீட்டுச் செருப்பு. நேராக என் கதவுக்கு வந்து, "விஜயா, உங்கள் அறையில் ரவுட்டர் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். என் மாணவர்கள் வயதுப் பிள்ளை மேடம் போடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுவது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. நடந்ததை லேனா சொன்னாள். வலைக்குள் வருகிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் விடுதியின் இயந்திரம் ஒரு டோக்கன் கொடுக்கிறது. தப்பான துளையில் செருகிய என் ரவுட்டர் அந்த மாடி முழுவதற்கும் தன் சொந்த டோக்கனைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதை வாங்கியவர்கள் எங்கேயும் போக முடியவில்லை. என் துளையை மூடிவிட்டதாகவும், என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு நாளை மாலை வரும்படியும் சொன்னார்கள். கமீலா அழவில்லை. லேப்டாப்பை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டேன்.

நான் கையெழுத்திட்ட படிவத்தை அப்போதுதான் எடுத்துப் படித்தேன். வலைக்கு இடையூறு செய்தால் இரண்டு வாரம் வரை இணைப்பு துண்டிக்கப்படலாம் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இரண்டு வாரத்தில் யாழினியின் கணக்குப் பரீட்சையே முடிந்துவிடும். போனில் இருந்த கொஞ்சம் டேட்டாவில் சேகரைக் கூப்பிட்டேன்.

"போலீஸு கேஸு எதாச்சும் ஆவுமா?"

"அதெல்லாம் இல்லீங்க. நெட்ட நிறுத்திட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க."

"மெமோவா? அப்ப கவலய வுடு. நல்லா பணிவா ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்துரு. கால்ல வுழுந்தவன எந்த ஊர்லயும் ஒதைக்க மாட்டாங்க."

மெமோவுக்கு விளக்கம் எழுதுவதில் எனக்குப் பதினெட்டு வருட அனுபவம். எழுதியும் இருக்கிறேன், எழுத வைத்தும் இருக்கிறேன். ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் தீட்டினேன். நாட்டுக்குப் புதியவள், அறியாமையால் நேர்ந்தது, மிகுந்த மனவேதனை அடைகிறேன், இனி இத்தகைய தவறு நேராது என உறுதியளிக்கிறேன், கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன். பிளஸ் டூ மகளையும் ஒரு பத்தியில் சேர்த்தேன்.

செவ்வாய் மாலை யோனாஸ் அதை இரண்டு முறை படித்தான். பிறகு நிமிர்ந்து, "மிகவும் மரியாதையான கடிதம். ஆனால் கேபிளை எந்தத் துளையில் செருகினீர்கள்?" என்று கேட்டான்.

"நான்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேனே" என்றேன்.

"ஆமாம், ஐந்து இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். எந்தத் துளை?"

இவன் விட மாட்டான் போலிருக்கிறதே என்று எனக்குக் கோபமே வந்தது. இன்னும் பணிவு போதவில்லை என்று நினைத்து, வேண்டுமானால் எல்லா அறைக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். யோனாஸ் பதறிப்போனான். லேனா ஒரு காகிதத்தில் ரவுட்டரின் பின்பக்கத்தைப் படமாக வரைந்து, பேனாவை என் கையில் கொடுத்தாள். ஒரு மஞ்சள் துளையைச் சுழித்துக் காட்டினேன். ஏன் அது என்று கேட்டாள். நாலு மஞ்சள், ஒரு நீலம் என்ற என் ஞானத்தைச் சொன்னேன். இருவரும் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். சிரிக்காமல் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். "கல்லூரியில் கற்பிக்கிற நீங்களே இப்படி நினைத்தால் இன்னும் பத்துப் பேர் நினைப்பார்கள். வரவேற்புத் தாளில் இந்தப் படத்தைப் போடுகிறோம்" என்றாள் லேனா.

அதோடு விடவில்லை. அந்த அறிக்கையில் யோனாஸ் தன் பங்குக்கு ஒரு வரி எழுதினான். எங்கள் நான்காம் மாடியின் இணைப்புப் பெட்டியை மாற்றியபோது இப்படித் தப்பான டோக்கன் பரவாமல் தடுக்கும் அமைப்பைப் போட மறந்தது தான்தான் என்று, தன் பேரைப் போட்டு எழுதினான். யாரும் அவனைக் கேட்கவில்லை. தலை குனியவும் இல்லை, சூடு சொரணையில்லாமலும் இல்லை. கடிகாரத்தில் மணி எத்தனை என்று சொல்வது போலச் சொன்னான். கமீலாவின் நேர்காணல் எங்கள் வலையின் பழுதால் நின்றுபோனது என்று அந்த நிறுவனத்துக்கு அவர்கள் முதல் நாளே கடிதம் அனுப்பியிருந்தார்கள். அதில் என் பேர் இல்லை. அடுத்த நேர்காணலுக்கு இந்த அறையையே திறந்துவிடுவதாக அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் மேலே வருவதற்குள் என் இணைப்பும் வந்துவிட்டது. கமீலாவின் கதவைத் தட்டி, நடந்ததைத் துளையின் நிறம் உட்படச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து, பிறகு கட்டிக்கொண்டாள்.

இந்தப் பிள்ளைகளை நான் மனதார மெச்சுகிறேன். மெச்சும்போதே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. எங்கள் பாலிடெக்னிக் லேபில் ஒரு சின்ன உலை உண்டு. மாணவர்கள் சுட வைக்கும் மாதிரித் துண்டுகள் அடிக்கடி வெடித்துப் போகும். "ஒலைய அவசரப்பட்டுத் தெறந்தது யாரு?" என்று நான் நுழையும்போதே கத்துவேன். எல்லாத் தலையும் குனியும். "சாரி மேடம்" என்று மொத்தமாக ஒரு குரல். நானும் சரி என்று விட்டுவிடுவேன். எந்தச் சூட்டில் திறந்தார்கள், மண்ணில் ஈரம் இருந்ததா, எதையும் நான் கேட்டதில்லை. அந்தத் துண்டுகள் ஏன் வெடித்தன என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

புதன்கிழமை இரண்டு மணிக்கு யாழினி திரைக்கு வந்தாள். வெளியே இங்கே பனி பெய்துகொண்டிருந்தது. அங்கே அவள் கால் மாற்றிக் கால் கொசு அடித்துக்கொண்டிருந்தாள். தொகையிடலில் ஒரு கணக்கு கொடுத்தேன். போட்டு, நோட்டைக் காமிராவுக்குக் காட்டினாள். தப்பு.

"சாரிம்மா. இனிமே கவனமா போடறேன்."

ஆறு மாதமாக அவள் சொல்கிற அதே வாக்கியம். நானும் சரி என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு என்னால் போக முடியவில்லை.

"சாரி இருக்கட்டும் யாழு. எது வரைக்கும் புரிஞ்சுது, அத்த மட்டும் சொல்லு."

"திட்டுவ."

"திட்டல."

"அப்பாகிட்ட சொல்லுவ."

"சொல்லல."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தடியான அந்தக் குயர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அரையாண்டைத் தாண்டினாள், காலாண்டைத் தாண்டினாள். புரட்டிக்கொண்டே போய் ஒரு பக்கத்தில் நிறுத்தி, அதைக் காமிராவுக்குக் கிட்டத்தில் பிடித்தாள். பச்சை மையில் என் கையெழுத்து. நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், கட்டிலில் பெட்டி திறந்து கிடக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டிய கணக்கு.

"இது வரைக்கும் புரிஞ்சுதும்மா. இதுக்கப்பறம் ஒண்ணுமே புரியல. எல்லாம் மத்தவங்க நோட்டப் பாத்து எழுதுனது."

சாரி என்ற சொல் என் வாய் வரை வந்தது. அதை மட்டும் சொல்லியிருந்தால் அவளும் சரிம்மா என்று சொல்லி முடித்திருப்பாள். தினமும் இரண்டு மணிக்கு நான் அந்த வீட்டுக்குப் போய் வருவதாக ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். நான் அந்த வீட்டில் இருந்தது அந்தப் பச்சை மைப் பக்கம் வரைதான்.

கணக்குப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்தப் பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்தது. "அங்கேர்ந்தே ஆரம்பிப்போம், தேதி போட்டுக்க" என்றேன். என் எழுத்துக்குக் கீழே, ஒரு வரிகூட இடம் விடாமல், யாழினி அன்றைய தேதியைப் போட்டாள்.