கையில் கட்டியிருந்த பயம்

அப்பாவின் பழைய வாட்சைக் கட்டிக்கொண்டு, என்ன விலை பெறும் என்று கேட்க இன்று குழித்துறைக்குப் போனேன்.

வாட்ச் கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

“எக்கா, இது முலாம் இல்ல, முழுத் தங்கமாக்கும். இத வித்தா ஒரு கார் வாங்கலாம். எதுல வந்திய?”

“பஸ்ஸுல.”

“போவும்ப ஆட்டோ பிடிச்சுப் போங்க.”

ஆட்டோவில் தனியாகப் போகப் பயந்து பஸ்ஸிலேயே ஏறினேன். முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொண்டேன்.

பக்கத்து சீட்டில் இருந்த வயதான ஒரு அம்மா, “மோளே, மணி எத்தர?” என்றார்.

“வாட்ச் இல்ல” என்று சொல்லி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மீதித் தூரம் நடந்தேன்.

வாட்ச் இப்போது அரிசிப் பானைக்குள். இதை ஃபேஸ்புக்கில் எழுதிப் போட்ட பிறகுதான் உறைக்கிறது. எங்கள் வீடு தெரிந்தவர்கள் மட்டும் கொஞ்சம் கை தூக்குங்கள்.