அணியத்தில் நின்று மொழிபெயர்த்தது

நடக்கச் சொல்லி டொக்டர் விடாமல் நச்சரிப்பதால், மாலையில் இங்கே டென்மார்க்கின் கோல்டிங் படகுத்துறைப் பக்கம் போய்வருகிறேன். போன கிழமை அங்கே ஒரு பாய்ப்படகு கரைக்கு வந்தது. முன்னால் நின்றவன் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்த பெண் "லாஸ்கா, லாஸ்கா" என்றாள். கயிற்றைத் தளர்த்தச் சொல்லிக் கிரேக்க மாலுமிகள் போடும் சத்தம். என் கைகள் இரண்டும் ஜாக்கெட் பையிலிருந்து தாமாகவே வெளியே வந்துவிட்டன. எழுபதை நெருங்குகிறவனுக்கு இதெல்லாம் தேவையா, சொல்லுங்கள்.

நான் கிரேக்கம் படித்தது கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில், கப்பல் கிடைக்கும்வரை காத்துக்கிடந்த மாதங்களில். விடுதி முழுக்க நம்மவர்கள். வேகும் பருப்பின் மணமும் ஈரச் சப்பாத்து நாற்றமும் கலந்து கிடக்கும். மற்றவர்கள் கடுதாசி விளையாட, நான் பெட்டிக்கடைக்காரரோடு கதைத்துக் கதைத்தே மொழியைப் பிடித்தேன். பெரிய பண்டிதன் என்ற நினைப்பு வேறு.

அந்த நினைப்பு கப்பலேறிய முதல் நாளே போயிற்று. கப்டன் போலந்துக்காரர், கட்டளையெல்லாம் ஆங்கிலம். அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில், கயிறு இழுக்கும் வின்ச் இயந்திரத்தை இயக்கியவர் நிக்கோ என்ற கிரேக்கக் கிழவர். 'பார்பா' என்று கூப்பிடுவோம், நம்மூர் மாமா மாதிரி. அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. வோக்கி-டோக்கியில் கப்டனிடமிருந்து 'ஹீவ்' என்று வந்ததும், கடைக்காரரிடம் படித்த சுத்தமான கிரேக்கத்தில், தயவுசெய்து இழுக்கும்படி கேட்டேன். பார்பா வேலையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கடலில் அதற்கு 'வீரா' என்ற ஒரு சொல் போதும். இறக்குவதற்கு 'மாய்னா'. தளர்த்த 'லாஸ்கா'. மரியாதைக்கெல்லாம் அங்கே நேரமில்லை.

எங்களோடு மூன்றாவது ஆள் தாசன். மட்டக்களப்பான், ஞாயிறு தவறாமல் பைபிள் வாசிக்கிறவன், கயிற்று வேலையில் சூரன். மொழிதான் ஓடாது. ஆகவே ஆங்கிலம் என் காதுக்குள் போய், பார்பாவுக்குக் கிரேக்கமாகவும் தாசனுக்குத் தமிழாகவும் வெளியே வரும்.

"நீ சொன்னாக் கண்ண மூடிட்டுச் செய்வன் மச்சான்," என்பான்.

எனக்கு அதில் பெருமை. ஒரு சொல் பிசகினால் யாருடைய விரலாவது போய்விடும், அதனால் நான் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை.

இங்கே பக்கத்துத் துறைமுகமான பிரெடெரிசியாவில் கப்பலைக் கட்டினது ஒரு மாசி மாதக் காலையில். கயிறெல்லாம் உறைந்து விறைத்திருந்தது. வோக்கியில் 'ஸ்லாக்' என்றது, நான் லாஸ்கா என்றேன், பார்பா உடனே வின்சைத் திருப்பினார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. உருளையில் ஐஸ் பிடித்து இறுகிய கயிறு மட்டும் அவிழவில்லை. கப்பல் பின்னால் நகர, கயிறு அறுந்து தாசனின் வயிற்றில் அடித்தது.

ஆசுப்பத்திரியில் டொக்டர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். உள்ளே இரத்தம் நிற்கவில்லை, இனிச் செய்ய ஒன்றுமில்லை, பின்னேரம்வரை தாங்கமாட்டார். அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுமில்லை. தாசன் கண்ணைத் திறந்தான்.

"என்னவாம் மச்சான்?"

"தைச்சாச்சாம். ரெண்டு கிழமையிலை நடக்கலாமாம்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"கப்பல்ல நீ இப்பிடி மாத்திச் சொல்றல்லயே."

பிறகு ஜெபம் பண்ணச் சொன்னான். நான் சைவம், எனக்கு ஒரு ஜெபமும் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல நான் பின்னால் சொன்னேன். அழுகையில் பாதி வரவில்லை. பின்னேரத்துக்கு முன்னமே போய்விட்டான். வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற பார்பாவுக்கு அதைக் கிரேக்கத்தில் சொன்னேன்.

கப்பல் என்னை விட்டுவிட்டுப் போனது. அகதியாகப் பதிந்து, இறைச்சித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கொம்யூன்காரர், அதாவது நகரசபைக்காரர், மொழிபெயர்ப்பு வேலைக்கு எத்தனையோ தரம் கேட்டார்கள். நான் போகவில்லை.

படகைக் கண்ட மறுநாள் பிரெடெரிசியாவுக்குக் கார் ஓட்டிப் போனேன். நாங்கள் கட்டிய துறையில் இப்போது மாடிவீடுகள். தாசனை அடக்கியது அந்த ஊர் மயானத்தில்தான். இந்த நாட்டில் கல்லறைக்குத் தவணை உண்டு. புதுப்பிக்க ஆள் வராவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். இவ்வளவு காலமும் நான்தான் புதுப்பித்தேன். இந்தமுறை தவணை முடிந்தபோது நான் நெஞ்சு ஆபரேஷனில் கிடந்தேன். கல் இல்லை. ஒழுங்காக வெட்டிய புல்தான் இருந்தது. இதுவாகத்தான் இருக்கும் என்று ஓரிடத்தில் நின்று, டொக்டர் அன்று சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல், தமிழில் சொன்னேன்.