ஷஅனான் என்றொரு சொல்

ஜெலாப்பாங் சிவப்பு விளக்கில் சிமெண்டு லாரி நின்றால் மத்தியாஸ் அண்ணனின் ஆள்காட்டி விரல் சும்மா இருக்காது. கண்ணாடித் தூசியில் வலமிருந்து இடமாக எதையோ எழுதும். எபிரெய எழுத்து. பச்சை விழுந்தாலும் கடைசி எழுத்தை முடித்துவிட்டுத்தான் கியர் போடுவார். பின்னால் நின்று ஹாரன் அடிப்பவன் பெரும்பாலும் நான். எனக்கும் அதே கம்பெனி லாரிதான்.

ஆள் குட்டை. கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் துண்டு. தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் பழைய தீர்க்கதரிசிகள் கோபம் வந்தால் எந்தச் சொல்லை எடுத்து அடித்தார்கள் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. கைப்பேசியில் எபிரெய அகராதி வைத்திருக்கிறார். ஒரு சொல் சிக்கிவிட்டால் போதும், நாலு நம்பர் லாட்டரி அடித்தவன் மாதிரி முகம் மின்னும்.

ஒரு நாள் பசியாற நவமணியக்கா கடைக்குப் போனோம். நாற்காலியை இழுக்கும்போதே, "மச்சான், காஃபாலா" என்றார்.

"கோப்பி-ஓவா, பால் போட்டதா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். சுகமாக அசையாமல் கிடப்பவர்களைத் திட்ட செப்பனியா தீர்க்கதரிசி போட்ட சொல்லாம் அது. திராட்சை ரசத்தை அப்படியே விட்டால் வண்டல்மேல் தடித்துப் போகும் இல்லையா, அப்படி உறைந்துபோவது.

"நம்ம லாரி டிரம் சுத்தாம நின்னா என்ன ஆவும்? அதான்லா காஃபா. ஆளு உள்ளுக்கே செட்டாயிருவான். அப்பறம் உடைச்சுத்தான் எடுக்கணும்."

டிரம்முக்குள் இறங்கிக் கெட்டிப்போன சிமெண்டை உடைத்தவன் நான். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற எனக்கே முதுகு சிலிர்த்தது.

இந்த ஆவேசம் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் வம்பு வந்தது. மகள் பமேலா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமசுக்கு அம்மாவுக்கென்று ஒரு மசாஜ் நாற்காலி அனுப்பிவைத்தாள். அம்மா ரோசரியக்கா கையுறை ஃபேக்டரியில் நின்றே வேலை செய்து முட்டி தேய்ந்தவர். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அண்ணனோ நாற்காலியின் பிளாஸ்டிக்கைப் பிரிக்க விடவில்லை. யானைத்தந்தக் கட்டிலில் படுத்தவர்களை ஆமோஸ் கிழித்திருக்கிறாராம். அந்தத் திட்டு தொடங்குவதே ஷஅனான் என்ற சொல்லில்தானாம். கவலையற்றுச் சாய்ந்து கிடப்பது. தமிழ் வேதத்தில் நிர்விசாரம்.

"ஷஅனான் என் வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். வந்த நாற்காலி துவைத்த துணி போடும் இடமாகிவிட்டது. நோன்புப் பெருநாள் லீவுக்கு வரும்போது பிளாஸ்டிக் அப்படியே இருந்தால் வாசலோடு திரும்பிவிடுவேன் என்று பமேலா போனில் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பிள்ளை. அப்பன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது.

அவள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் டுரியானோடு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ரோசரியக்கா தண்ணீர் எடுத்து வந்தார். பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டம்ளர் தளும்பியது.

"ஆமோசு என் முட்டியப் பாத்தாராமா?" என்று அங்கிருந்தே கேட்டார். "அந்தச் சொல்லு எல்லா எடத்துலயும் திட்டுதானா, பமேலாப்பா? மொத்தமும் பாத்துட்டீங்களா?"

அண்ணன் கைப்பேசியை எடுத்தார். நான் டுரியானைப் பிளந்தேன். ஒரு சுளையை நீட்டினேன், வாங்கவில்லை. விரல் திரையில் நின்றுவிட்டது. பிறகு எழுந்துவிட்டார். ஏசாயாவில் அதே சொல் இருக்கிறதாம், அங்கே அது திட்டு இல்லையாம். சண்டை ஓய்ந்த எருசலேம் அமைதியான குடியிருப்பாக இருக்கும் என்கிற இடமாம். எரேமியாவிலும் இருக்கிறதாம். சிறைப்பட்டுப் போன சனம் திரும்பிவந்து, பயமுறுத்த ஆளில்லாமல் இளைப்பாறும் இடமாம். அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கும் டுரியான் மறந்துபோனது.

"ஒரே சொல்லுலா மச்சான். ஊரு அழுவறப்ப சாஞ்சு கெடக்கிறவனுக்கு அது அடி. அலுத்துத் திரும்புனவங்களுக்கு அதே சொல்லுதான் வாக்கு."

"அப்ப நான் எந்தப் பக்கம்?" என்றார் ரோசரியக்கா.

அண்ணன் துணிகளை அள்ளி என் மடியில் போட்டார். கத்தி தேடப் பொறுமை இல்லை. பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துக் கிழித்தார். அக்காவின் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்து, தோளைத் தாங்கிக்கொண்டு போய் உட்காரவைத்தார். ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தார். பொத்தானை அமுக்கியதும் நாற்காலி முனகத் தொடங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. தரையில் முழங்காலிட்டபடி, மனைவியின் முட்டிமேல் ஆள்காட்டி விரலை வைத்து, வலமிருந்து இடமாக மெல்ல எழுதிக்கொண்டிருந்தார்.

"கூசுதுங்க" என்றார் அக்கா.

விரல் கடைசி எழுத்தை முடித்துவிட்டுத்தான் நின்றது.